ஒரே லாரி, பல டிரைவர்கள்: சுத்தமும் பராமரிப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்ககிரியில் எங்கள் லாரி செட்டில் 7 வண்டிகள், 12 டிரைவர்கள். எந்த வண்டியும் ஒருவர் கையிலேயே இருப்பதில்லை. ஒருவர் டிரிப் முடித்து இறங்கினால் அடுத்தவர் ஏறுவார். 14 வருடம் ஸ்டீயரிங் பிடித்தேன். முதுகு இனி முடியாது என்று சொல்லிவிட்டதால் இப்போது செட்டைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகச் சேரும் டிரைவர்களும், ரெண்டு மூணு வண்டி வைத்திருக்கும் சின்ன ஓனர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆளுக்கு ஒரு வண்டி என்று கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

இல்லைதான். ஆனால் வண்டிக்கு மாத டியூ இருக்கிறது, டிரைவருக்குக் குடும்பம் இருக்கிறது. நாக்பூர் தாண்டிப் போய் 20 நாள் கழித்து வருகிறவர் நாலு நாள் வீட்டில் இருக்கத்தான் செய்வார். அந்த நாலு நாளும் வண்டி செட்டில் நின்றால் டியூவை யார் கட்டுவது? டிரைவர் கிடைப்பதும் முன்பு மாதிரி இல்லை. பையன்கள் ஓசூர், கோவைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார்கள். இருக்கிற ஆட்களை வைத்து எல்லா வண்டியும் ஓட வேண்டும் என்றால் மாற்றி மாற்றித்தான் ஏற வேண்டும்.

மாற்றி ஓட்டும் வண்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் வீணாகிறது? டிரைவர்களுக்கு அக்கறை இல்லையா?

அக்கறை இல்லை என்று சொல்லிவிடுவது ஓனர்களுக்குச் சுலபம். எங்கள் டிரைவர் ஒருவர் சொந்தமாக ஒரு பழைய டெம்போ வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை தோற்றுப் போவார். அதே ஆள் செட் லாரியிலிருந்து இறங்கும்போது சீட்டுக்கடியில் மூன்று பிரியாணிப் பொட்டலம் கிடக்கும்.

என் கணக்கில் பெரிய காரணம் கிளீனர் இல்லாமல் போனதுதான். நான் ஓட்ட வந்த காலத்தில் ஒவ்வொரு லாரியிலும் ஒரு கிளீனர் பையன் இருப்பான். கண்ணாடி துடைப்பது, டயர் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் மடிப்பது எல்லாம் அவன் வேலை. அதைவிட முக்கியமாக, டிரைவர் மாறினாலும் அவன் மாறமாட்டான். "அண்ணே, இந்த வண்டி மூணாவது கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும், வலது பக்க லைட் குழியில ஏறினா அணையும்" என்று புது டிரைவருக்கு அவன்தான் சொல்வான். வண்டியின் ஞாபகம் அவன் தலைக்குள் இருந்தது. கூலி கட்டுப்படியாகவில்லை என்று எல்லோரும் கிளீனரை நிறுத்தினோம். அவன் கை செய்த வேலையை டிரைவர் தலையில் போட்டோம், அவன் தலை செய்த வேலையை யாரிடமும் கொடுக்கவில்லை.

அதனால்தான் பகிர்ந்து ஓட்டும் வண்டி கை மாறுகிற அந்த அரை மணி நேரத்தில் கெடுகிறது என்று சொல்லி வருகிறேன். இறங்குகிறவர் ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார். ஏறுகிறவர் லோடு ஏற்றும் அவசரத்தில் இருப்பார். வண்டி மட்டும் நடுவில் நிற்கும்.

சரி, கை மாறும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்று நடக்க வேண்டும். எங்கள் செட்டில் முன் இடது சக்கரத்தில் ஆரம்பித்து, பின்னால் சுற்றி, டிரைவர் கதவில் முடிப்போம். எப்போதும் ஒரே வரிசையில் போனால் எதையும் விட்டுவிட மாட்டோம். 20 நிமிஷம் போதும்.

சக்கரத்தில் முதலில் நட்டைப் பாருங்கள். இதற்கு ஒரு கதை இருக்கிறது. ஐதராபாத் போய்த் திரும்பிய வண்டி ஒன்றை நான் எடுத்தேன். முந்தைய டிரைவருக்குக் கர்னூல் பக்கம் பஞ்சராகி ஸ்டெப்னி மாட்டியிருக்கிறார். மாட்டிய பிறகு 50, 100 கிலோமீட்டர் ஓட்டி நட்டை இன்னொரு முறை இறுக்க வேண்டும். அவர் இறுக்கவில்லை, எனக்குச் சொல்லவும் இல்லை. வண்டி ரெண்டு நாள் மழையில் செட்டில் நின்றது. மூன்றாம் நாள் லோடோடு கிளம்பிப் பெருந்துறையில் டீ குடிக்க நிறுத்தினேன். பின் சக்கரத்தில் ஒவ்வொரு நட்டையும் சுற்றித் துரு வழிந்து, சின்னக் குழந்தை வரைந்த சூரியன் மாதிரி கோடு கோடாக இருந்தது. விரலால் திருகினால் நட்டு சுற்றுகிறது. 10 நட்டில் 4 லூஸ். டீயை அப்படியே வைத்துவிட்டு வீல் ஸ்பேனரை எடுத்தேன். துருக்கோடு தெரிகிற நட்டு ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சக்கரம் கழுவிச் சுத்தமாக இருந்தால்தான் அந்தக் கோடு கண்ணில் படும். சேறு அப்பியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

அடுத்து டயர். பின்னால் ஜோடி டயர்களுக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சிக்கிய கல் இரண்டு டயரின் பக்கச் சுவரையும் அரைத்துக்கொண்டே வரும். கம்பியால் தட்டினால் காற்று உள்ள டயர் 'டங்' என்று திருப்பியடிக்கும், இறங்கிய டயர் 'தொப்' என்று சாகும். உள் டயரைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இறங்கினால் வெளி டயர் ரெண்டு பேர் பாரத்தையும் சுமந்து சூடேறி வெடிக்கும். தட்டுவது அவசரத்துக்கு. வாரம் ஒரு முறையாவது வண்டி ஆறியிருக்கும்போது கேஜ் வைத்துப் பாருங்கள். பட்டன், அதாவது டயரின் மேல் உள்ள வரிப்பள்ளம், தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் ரோட்டுக்கு ஆகாது.

பிறகு ஏர், அதாவது பிரேக்கை இயக்கும் காற்று. கேஜ் நிறையும் வரை இன்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் அடியில் காதைக் கொடுக்க வேண்டும். 'ஸ்ஸ்ஸ்' என்று எங்காவது கேட்டால் அதைச் சரி செய்யாமல் வண்டி நகரக் கூடாது. வடக்கேயிருந்து லோடோடு வருகிற எங்கள் வண்டிகள் எல்லாம் தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் சேலம் வர வேண்டும். அந்த இறக்கத்தில் வந்த பிறகு பிரேக்கைப் பற்றித் தெரிந்துகொள்வதில் பிரயோஜனம் இல்லை. ஏர் டேங்க்கின் டிரெயினையும் இழுத்துப் பாருங்கள். வெறும் காற்று வந்தால் நல்லது. தண்ணீர் வந்தால் ஏர் டிரையரின் பில்டருக்கு ஆயுள் முடிந்தது. எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

லைட், இண்டிகேட்டர், பின்னால் ஒட்டிய ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் துணியால் ஒரு துடை துடையுங்கள். இரவில் ரோட்டோரம் நிற்கும் லாரியில் பின்னால் வந்து மோதுகிறவருக்கு அந்த ஸ்டிக்கர் தெரிய வேண்டுமே. கடைசியில் டூல் பாக்ஸ்: ஜாக்கி, வீல் ஸ்பேனர், கயிறு, தார்ப்பாய், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. எண்ணி ஒப்படைத்தால் பிறகு 'நீ எடுத்தாயா நான் எடுத்தேனா' வராது. எங்கள் செட்டில் நடந்த சண்டைகளில் பாதி ஒரு 20 டன் ஜாக்கியால் வந்தவை.

நோட்டு எழுதியே ஆக வேண்டுமா? வாட்ஸ்அப்பில் சொன்னால் போதாதா?

வாட்ஸ்அப்பில் சொன்னது ரெண்டு நாளில் 'குட்மார்னிங்' படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். போட்டோவுக்கு வாட்ஸ்அப் நல்லது. ஞாபகத்துக்கு நோட்டுதான். வண்டிக்கு ஒரு 100 பக்க நோட்டு, கண்ணாடிக்கு மேலே உள்ள தட்டில் இருக்கும். கிளீனர் தலையில் இருந்தது இப்போது அதில் இருக்கிறது.

நன்றாக எழுத வேண்டியதில்லை. 'வண்டி கண்டிஷன் ஓகே' என்று எழுதுவதற்குப் பதில் எழுதாமலே இருக்கலாம். எங்கள் நோட்டு ஒன்றில் இருந்த வரி இது: 'இடது பின் உள் டயர் காத்து எறங்குது. ஓசூர்ல அடிச்சேன், தர்மபுரி வர தாங்கிச்சு.' அடுத்த டிரைவருக்குத் தேவையான அத்தனையும் இந்த ரெண்டு வரியில் இருக்கிறது: எந்த டயர், எவ்வளவு வேகமாக இறங்குகிறது, கிளம்புவதற்கு முன் பஞ்சர் கடைக்குப் போக வேண்டுமா வேண்டாமா என்பது வரை. எழுத வராத டிரைவர் என்றால் கிலோமீட்டரை மட்டும் குறித்துவிட்டு மற்றதை வாய்ஸ் மெசேஜில் சொல்லட்டும். செட்டில் இருக்கிற நான் எழுதிக்கொள்கிறேன்.

ராத்திரி 2 மணிக்கு வந்து சேர்கிறேன். அடுத்த டிரைவர் காலையில்தான் வருவார். கூட நடப்பது எப்படி?

நடக்க முடியாதுதான். தூங்கப் போவதற்கு முன் குப்பையை எடுங்கள், நோட்டில் எழுதுங்கள், போனில் டார்ச் போட்டு வண்டியை ஒரு சுற்று வீடியோ எடுங்கள். காலையில் ஏறுகிறவர் அதே சுற்றைத் தனியாக நடந்து பார்த்து, ஏதாவது வித்தியாசம் இருந்தால் வண்டியை எடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். கேட்டைத் தாண்டிவிட்டால் அது அவர் கணக்கு.

கேபினுக்குள் எந்த அளவுக்குச் சுத்தம் எதிர்பார்க்கலாம்?

கேபின் டிரைவருக்கு வீடு. சமையல் சாமான், லுங்கி, தலையணை எல்லாம் அங்கேதான். ஆபீஸ் மாதிரி இருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் விட்டுக்கொடுக்க முடியாதவை சில உண்டு.

டிரைவர் காலடியில் ஒரு பொருளும் இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு ஒரு முறை பவானி பக்கம் ஆனது. பாதி காலியான பிளாஸ்டிக் பாட்டில் என்பதால் மிதித்த மிதியில் நசுங்கிவிட்டது. அடுத்த கடையில் ஒரு ஸ்டீல் பாட்டில் வாங்கி, சீட்டுக்குப் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டினேன். ஸ்டீல் பாட்டில் நசுங்காது, அதனால் அது கட்டாயம் கட்டியிருக்க வேண்டும்.

சாப்பாட்டு மிச்சத்தை ஒரு ராத்திரி கூட விடாதீர்கள். தாவணகெரேயிலிருந்து நாமக்கல்லுக்கு மக்காச்சோளம் ஏற்றுகிற வண்டிகளில் எலி தானாகவே ஏறிவிடும். அதற்கு நாம் சோறும் போட்டால் குடித்தனமே நடத்தும். எலி கடித்த ஒயரைத் தேடிக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் கூலி.

ஸ்டவ்வைக் கேபினுக்குள் பற்ற வைப்பது கூடவே கூடாது. மழை பெய்தாலும் சரி. பெட்ஷீட்டும் தலையணை உறையும் அவரவருடையது, பையில் கொண்டுபோக வேண்டும். அடுத்தவர் வியர்வையில் படுக்க யாருக்கும் பிடிக்காது. வாயில் பாக்கு போடுகிறவர்கள் ஜன்னல் வழியாகத் துப்பினால் அது காற்றில் திரும்பிக் கதவில்தான் விழும். காய்ந்த கறையைப் பெயிண்ட்டோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

முன் கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் வெளிப்பக்கத்தைத் துடைப்பார்கள். உள்பக்கத்தில் ஊதுபத்திப் புகையும் பீடிப் புகையும் சேர்ந்து மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிந்திருக்கும். பகலில் அது தெரியாது. ராத்திரி எதிரே லைட் அடித்தால் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூத்து, ரோடு காணாமல் போகும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், விரலில் மஞ்சளாக ஒட்டும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பழைய நியூஸ்பேப்பரால் தேய்த்தால் போய்விடும். 5 நிமிஷ வேலை. ராத்திரி ஓட்டம் ஓட்டுகிறவருக்குக் கண்வலி பாதி குறையும்.

ஏசி கேபின் வண்டிகளுக்கு வேறு விதி உண்டா?

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். எனவே இனி வாங்குகிற புது வண்டி எல்லாம் ஏசிதான். உள்ளே புகை பிடித்தால் நாற்றம் பில்டரிலும் சீட் துணியிலும் தங்கி அடுத்தவர் மூக்கில் ஏறும். அதனால் ஏசி வண்டியில் பீடி, சிகரெட் இறங்கி நின்றுதான். பில்டரை மாதம் ஒரு முறை கழற்றித் தட்டிப் போடுங்கள். சிமெண்ட், எம்.சாண்ட் லோடு என்றால் அதற்கும் முன்பே.

ரெண்டு டிரைவருக்கு ரெண்டு சாமி. டேஷ்போர்டு யாருக்கு?

சிரிக்காதீர்கள், இது நிஜமாகவே வந்த கேள்வி. ஒருவர் பழனி முருகன் படம் ஒட்டியிருந்தார், அடுத்தவர் வேளாங்கண்ணி மாதா சிலை வைத்தார். எங்கள் வழக்கம்: படமோ சிலையோ கண்ணாடியின் பார்வையை மறைக்காத இடத்தில் இருக்க வேண்டும், ஒருவர் வைத்ததை இன்னொருவர் எடுக்கக் கூடாது, வாடிய மாலையை மட்டும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். முருகனும் மாதாவும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் நாலு வருடமாகப் போய்வருகிறார்கள்.

வாட்டர் சர்வீஸ் எத்தனை நாளைக்கு ஒரு முறை?

நாளை எண்ணாதீர்கள், லோடைப் பாருங்கள்.

தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உப்பு ஏற்றினால், இறக்கிய அன்றே கழுவ வேண்டும். மேலே கழுவினால் போதாது. சேஸின் உள் மடிப்பு, கமான் பட்டைகளுக்கு (ஸ்பிரிங் தகடுகள்) இடையே, பிரேக் பைப் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் பாய வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். உர மூட்டையும் அப்படித்தான். யூரியா கொட்டிய பலகைக்கு அடியில் போல்ட்டுகளைப் பாருங்கள், தெரியும்.

சிமெண்ட் நேர் எதிர். எங்கள் சங்ககிரியிலும் அரியலூர்ப் பக்கமும் சிமெண்ட் ஏற்றுகிறவர்கள் புதிதில் செய்கிற தப்பு, நேராகத் தண்ணீர் அடிப்பது. அடித்த இடத்திலேயே அது கட்டி பிடித்துவிடும். முதலில் விளக்குமாறு, பிறகு ஏர் அடித்துத் தூசியை ஊதித் தள்ளுவது, கடைசியில்தான் தண்ணீர். ஊதும்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மக்காச்சோளம், கோழித் தீவனம் இறக்கிய பிறகு பலகை இடுக்கில் சிக்கிய தானியத்தைக் கூட்டி எடுங்கள். மழையில் நனைந்தால் புளித்து நாறும், அடுத்த லோடு மூட்டையில் அந்த வாசம் ஏறும், பார்ட்டி திருப்பி அனுப்புவார். ஜல்லி, செங்கல் என்றால் மாதம் ரெண்டு முறை போதும்.

ஒரு எச்சரிக்கை. சர்வீஸ் ஸ்டேஷன் பையன்கள் பிரஷர் கன்னை எடுத்தால் எங்கே அடிக்கிறோம் என்று பார்ப்பதில்லை. பேட்டரி பாக்ஸ், ஃபியூஸ் பாக்ஸ், ஆல்டர்னேட்டர், ஏர் கிளீனர் வாய், ஒயர் கனெக்டர் பக்கம் கன் போகக் கூடாது. டிரைவர் டீக்கடைக்குப் போகாமல் பக்கத்தில் நிற்க வேண்டும். ரேடியேட்டருக்கு மெதுவாக, நேராக அடிக்க வேண்டும். சாய்த்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று போகாது. கழுவிய பிறகு கிரீஸ் அடிப்பதுதான் முறை.

அடியில் டீசல் அடித்துக் கழுவினால் பளபளவென்று இருக்கிறதே?

இருக்கும். டீசலும் பழைய ஆயிலும் பட்ட ரப்பர் புஷ், ஹோஸ் எல்லாம் ஊறி உப்பிச் சீக்கிரம் வெடிக்கும். ஒட்டிய எண்ணெயில் தூசி வந்து படிந்து, அடுத்த வாரம் முன்னைவிட அழுக்காகும். எங்கே கசிகிறது என்பதும் தெரியாமல் போகும். வேண்டாம்.

பி.எஸ்.6 வண்டியில் டிரைவர்கள் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

புதிய புகை விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகள் இவை. பழைய வண்டியில் கண்ணும் காதும் போதும், இதில் டேஷ்போர்டு விளக்கையும் படிக்க வேண்டும். விளக்கு எரிவதை அடுத்தவரிடம் சொல்லாமல் இறங்குவதுதான் பகிர்ந்து ஓட்டும் பி.எஸ்.6 வண்டிக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல்.

புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்க்கில் ஊற்றும் ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீத யூரியாவும் மிகச் சுத்தமான தண்ணீரும் சேர்ந்தது. தீர்ந்தால் இன்ஜின் இழுவை குறையும், அதையும் கவனிக்காமல் விட்டால் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும். குழாய்த் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள். ஆட்ப்ளூ டேங்க்கின் நீல மூடிக்குள் டீசல் ஊற்றிவிட்டால் சாவியைக் கூடத் திருப்பாமல் போன் செய்யுங்கள். திட்டமாட்டேன். ஸ்டார்ட் செய்துவிட்டுப் போன் செய்தால்தான் திட்டுவேன், ஏனென்றால் அதற்குள் பம்ப்பும் மற்றதும் கெட்டிருக்கும். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிகம் கட்டினால் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

புகைக்குழாயில் உள்ள பில்டர் சேர்ந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும்போது உள்ளே வெப்பம் 600 டிகிரி வரை போகும். அதற்கான விளக்கு எரிந்தால் பாதியில் இன்ஜினை அணைக்காமல் முடியவிடுங்கள். அந்த நேரத்தில் வைக்கோல், காய்ந்த புல், சோளத்தட்டை கிடக்கும் களத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது. பாதியில் அணைத்துவிட்டு இறங்கினால் நோட்டில் எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்தவரும் அணைப்பார், அவருக்கு அடுத்தவரும் அணைப்பார், கடைசியில் வண்டி கம்பெனி சர்வீஸில் போய் உட்காரும்.

கிரீஸ் யார் அடிப்பது, எப்போது?

'யாராவது அடித்திருப்பார்கள்' என்று எல்லோரும் நினைக்கிற வேலை இதுதான். கிலோமீட்டர் கணக்கு வைத்துப் பார்த்தேன், யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. பிறகு அமாவாசைக்கு மாற்றினேன். அமாவாசைக்கு எப்படியும் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வைத்துத்தான் எடுப்பார்கள். அன்றைக்கே கிரீஸும் என்றேன். வடக்கே ஓடும் வண்டிகளுக்குப் பௌர்ணமியும் சேர்த்தி. அன்று வண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் பொறுப்பு, எந்த ஊரில் இருந்தாலும்.

கிங்பின், ஷேக்கிள் பின், ஜாயிண்ட்டில் உள்ள கிராஸ் எல்லாவற்றின் நிப்பிளையும் (கிரீஸ் ஏற்றும் முனை) முதலில் துணியால் துடையுங்கள். துடைக்காமல் கன்னை மாட்டினால் மண்ணையும் சேர்த்துத்தான் உள்ளே தள்ளுகிறோம். பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறிப் புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். எட்டிப் பார்க்காத நிப்பிள் அடைத்திருக்கிறது. அதை எழுதி வையுங்கள், பட்டறையில் மாற்றிக்கொள்ளலாம்.

கழுவும் காசு யார் கொடுப்பது? டிரைவர் பேட்டாவிலிருந்தா?

ஓனர்தான். டிரைவர் பாக்கெட்டிலிருந்து போனால் அவர் கழுவமாட்டார், கழுவியதாகச் சொல்வார். எங்கள் டிரிப் ஷீட்டில் டீசல், டோல், பஞ்சருக்குக் கீழே 'வாட்டர் சர்வீஸ்' என்று ஒரு வரி இருக்கிறது. பில் வந்தால் காசு உண்டு.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025 நவம்பர் வரை அமலில் இருந்தபோது, 5 பேரோ அதற்கு மேலோ வைத்திருந்த நிறுவனங்களுக்குப் பொருந்தியது. வண்டியைப் பொறுப்பேற்பது, கொண்டுவந்து நிறுத்துவது, பராமரிப்பது எல்லாவற்றையும் அந்தச் சட்டம் வேலை நேரத்தில்தான் சேர்த்திருந்தது. ஓட்டுகிற நேரம் மட்டும்தான் வேலை என்று பேசுகிற ஓனர்களிடம் இதைச் சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள். நாங்கள் கை மாற்றும் அரை மணிக்கு இரண்டு டிரைவருக்கும் தனியாக ஒரு தொகை கொடுக்கிறோம். பெரிய தொகை இல்லை, டீயும் டிபனும் ஆகும். ஆனால் காசு வாங்கிய பிறகு 'எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு' என்று யாரும் சொல்வதில்லை.

அழுக்காக ஒப்படைத்தால் அபராதம் போடலாமா?

போட்டுப் பார்த்தோம். ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டோம். அபராதம் வந்ததும் எல்லோரும் வண்டி சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அழுக்கு தன் கணக்கில் விழாமல் தப்பிப்பது எப்படி என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

முந்தைய டிரைவர் செய்த பழுதைச் சொன்னால் காட்டிக் கொடுத்தது மாதிரி ஆகாதா?

ஆகும், ஓனர் அதை வைத்து அவர் சம்பளத்தில் கை வைத்தால். நான் ஓட்டிய ஒரு செட்டில் கிளட்ச் வழுக்குகிறது என்று நானாகப் போய்ச் சொன்னேன். 'நீ பாதிக் கிளட்ச்சில் ஓட்டியிருப்பாய்' என்று பிளேட் காசில் பாதியை என் கணக்கில் எழுதினார் முதலாளி. அடுத்த முறை பிரேக் பைப்பில் லேசாகக் கசிவு இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வண்டியை அடுத்து எடுத்தவர் என் பங்காளி. நல்லவேளை, கிளம்பும்போதே அவர் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவர் முகத்தில் நான் முழிக்கவில்லை.

அதனால் எங்கள் செட்டில் விதி இது: சொல்லிவிட்டால் காசு பிடிக்கமாட்டோம், யார் சொன்னாலும், யாரால் ஆனது என்றாலும். மறைத்தது பிறகு தெரிந்தால் அன்றைக்குப் பேச்சு வேறு. குடித்துவிட்டு இடித்தது மாதிரி சமாச்சாரங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. மற்றபடி 'யார் பண்ணினது?' என்ற கேள்வியை நான் கடைசியில்தான் கேட்பேன். முதல் கேள்வி, 'வண்டி இப்போ ஓடலாமா?'

எப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) வரும்போது மொத்தமாகச் செய்துகொண்டால் என்ன?

எப்.சி.க்கு முதல் நாள் பெயிண்ட் அடித்து, பல்பு மாற்றி, கடன் வாங்கிய டயர் மாட்டி நிறுத்துகிற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம் எப்.சி. எடுக்க வேண்டும். வடக்கே ஓடுகிற லாரி ரெண்டு வருடத்தில் ரெண்டு லட்சம் கிலோமீட்டர் போய்விடும். அத்தனை தூரமும் ஓடியது டிரைவர் கையில், அதிகாரி பார்ப்பது ஒரு காலை நேரம். எப்.சி., இன்சூரன்ஸ், பர்மிட், புகைச் சான்று முடிகிற தேதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவிடுங்கள். புகைச் சான்று இல்லாவிட்டால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும், சான்று எடுக்க ஆகிற செலவோ அதில் ஒரு துளி.

ஆயுத பூஜைக்கு வண்டி யாருடையது?

ஊரில் இருக்கிற டிரைவர் அத்தனை பேருடையதும். அன்றைக்கு 7 வண்டியையும் செட்டிலேயே எல்லோரும் சேர்ந்து கழுவுவோம். யார் எந்த வண்டியை ஓட்டினார் என்று பார்ப்பதில்லை. போனஸும் துணியும் ரோட்டில் இருக்கிறவருக்கும் சேர்த்து எடுத்து வைத்துவிடுவோம். வாழைக்கன்று கட்டும்போது லைட்டையும் கண்ணாடியையும் மறைக்காமல் கட்டுங்கள். பூசணிக்காயைச் செட்டுக்குள்ளேயே உடைத்து உடனே அள்ளிவிடுங்கள். வாசலில் ரோட்டில் உடைத்தால் டூ வீலர்க்காரர் வழுக்கி விழுவார்.